நட்சத்திரம் தெரியாத தட்டு

குல்சும்: ...பேரு தெரியுமாம், நட்சத்திரம் தெரியாதாம். ஐயர் கேட்டா நான் என்ன சொல்ற?

பரிமளம்: யாருக்கு ராத்தா? மொதல்லருந்து சொல்லுங்க. போன்ல பாதிதான் கேக்குது.

குல்சும்: உன்ட கடைக்கு ஒரு பொம்புள வந்திரிக்கி. அவட கூட்டாளி ஒருத்திக்கு ஒடம்பு சரியில்லயாம். பகல் பூசைக்கு முந்தி அர்ச்சன செய்யணுமாம். வளையல் விக்கிறவள பூசைத் தட்டுக் கடையில ஒக்கார வெச்சிட்டு நீ பேராதனை கிளினிக்குக்குப் போயிட்டா, நான் யார்ட்ட கேக்குற?

பரிமளம்: ஒரு நாளைக்குத்தானே... வியாபாரம் ஓடுதா?

குல்சும்: நல்லா ஓடுது. ஒரு சிங்கள நோனா விஷ்ணு தெய்யோவுக்குக் கேட்டா, நீல மானெல் பூ வெச்சிக் குடுத்தேன். கதிர்காமத் தெய்யோவுக்கு செகப்புப் பூ. பிள்ளையாருக்குத் துளசி...

பரிமளம்: துளசியா! எடுங்க, எடுங்க! அவருக்கு அறுகம்புல்லு. துளசி பெருமாளுக்கு.

குல்சும்: எடுத்திட்டேன், கத்தாத. எத்தன சாமி, எத்தன எல! எண்ணி முடியுமா?

பரிமளம்: எண்ணினா ஒன்னுதான் ராத்தா. நீங்க எனக்கு ராத்தா, மகனுக்கு உம்மா, பேரனுக்கு உம்மும்மா. ஒவ்வொருத்தன் ஒவ்வொரு பேரு சொல்லிக் கூப்புட்டாலும் திரும்பிப் பாக்குறது ஒரே ஆளுதானே?

குல்சும்: மருமகள் கூப்புட்டா நான் திரும்ப மாட்டேன்.

பரிமளம்: சாமி உங்கள மாதிரி இல்ல, எல்லாருக்கும் திரும்பும்.

குல்சும்: சரி சரி... நீ சாப்பிட்டியா?

பரிமளம்: இல்ல... அப்புறம்.

குல்சும்: ஒரு பிளேன்டியாவது?

பரிமளம்: க்யூவுல நிக்கிறேன் ராத்தா. எப்புடி விட்டுட்டுப் போறது? என் தோடு பத்திரமா?

குல்சும்: என்ட அலுமாரியில இரிக்கி. கிளினிக்குக்குப் போறதுக்குத் தோட்ட ஏன் கழட்டின?

பரிமளம்: கொக்கி லூசு... அத விடுங்க. அந்தப் பொம்புள நிக்கிறாங்களா?

குல்சும்: நிக்கிறா, நிக்கிறா. சொல்லு, அர்ச்சனைக்கு நட்சத்திரம் எதுக்கு?

பரிமளம்: சந்திரன் வானத்த ஒரு சுத்து சுத்தி வர இருபத்தேழு நாளு சொச்சம் ஆகும். ராவுக்கு ஒரு வீடுன்னு இருபத்தேழு வீடு. நாம பொறந்தப்ப எந்த வீட்டுல தங்கியிருந்துச்சோ, அதுதான் நம்ம நட்சத்திரம். சிங்கள ஆளுங்க நெகத்துன்னு பாக்குறாங்களே, அதுவும் இதே இருபத்தேழுதான்.

குல்சும்: நாங்களும் பிறை பாத்துத்தானே பெருநாள் கொண்டாடுற.

பரிமளம்: அதே சந்திரன்தான் ராத்தா! அர்ச்சனைங்கிறது விலாசம் சொல்ற மாதிரி. ஐயர் பேரச் சொல்லி, நட்சத்திரத்தச் சொல்லி, இன்னாருக்காகன்னு கேப்பாரு. அவங்க கூட்டாளி பேரு என்ன?

குல்சும்: பேரா... கமலம்.

பரிமளம்: பாத்தீங்களா, நம்ம தெருவுலயே மூணு கமலம் இருக்காங்க. எந்தக் கமலம்னு தெரிய வேணாமா?

குல்சும்: ஒனக்கு என்ன நட்சத்திரம்?

பரிமளம்: எனக்கெதுக்கு இப்ப?

குல்சும்: சும்மா கேட்டேன்.

பரிமளம்: யாருக்குத் தெரியும்? ஹேவாஹெட்ட தேயிலத் தோட்டத்துல, லயத்து வீட்டுல பொறந்தேன். கொழுந்து கொட்டுன நேரம், நல்ல மழைன்னு அம்மா சொல்லும். மழையில எங்க சந்திரனப் பாக்குறது!

குல்சும்: அப்ப நீ அர்ச்சனையே செய்யல்லயா?

பரிமளம்: எனக்குன்னு செஞ்சதில்ல. புள்ளைகளுக்குத்தான்.

குல்சும்: ம்... தெய்யோவுக்குச் செகப்புப் பூ கேக்கிற ஆக்கள்ட உன்ட முருகன்தான் அதுன்னு சொல்லவா?

பரிமளம்: சொல்லுங்களேன், நல்லாவே சொல்லுங்க! கண்டி எசல பெரஹரயில யானையோட நாலு தேவாலே சாமி ஊர்வலம் வருதே. விஷ்ணு யாரு? எங்க பெருமாள். கதிர்காமத் தெய்யோ? எங்க முருகன். பத்தினி? மதுரைய எரிச்ச எங்க கண்ணகி. நாலுல மூணு எங்க வீட்டுச் சாமி ராத்தா! கண்டிய ஆண்ட கடைசி ராஜாக்களும் மதுரைப் பக்கத்து வம்சம்தான்.

குல்சும்: தொடங்கிட்டா! வருசா வருசம் பெரஹர பாக்கக்குள்ள இதையே சொல்லுற.

பரிமளம்: சொல்லுவேன். எங்க தோட்டத்து சனத்த வந்தவங்கன்னு சொன்னாங்க, பிரஜா உரிமையப் புடுங்கினாங்க, பாதிப் பேர இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தினாங்க. எங்க சாமிய யாரும் போகச் சொல்லல. யானையக் கொண்டாந்து முன்னால நிறுத்தினாங்க. எனக்கு அந்தப் பெருமை போதும்.

குல்சும்: குரல் ஏன் நடுங்குது?

பரிமளம்: இங்க குளிரு. ஏசி போட்டிருக்காங்க.

குல்சும்: கிளினிக்குல ஏசியா? ...சரி. பூசைக்கு மணியடிக்கப் போறாங்க புள்ள. நட்சத்திரம் தெரியாத ஆளுக்கு வழி இரிக்கா இல்லயா?

பரிமளம்: இல்லாம இருக்குமா? லயத்துல பொறந்த நாங்க எல்லாம் வேற எங்க போறது? நட்சத்திரம் தெரியலன்னா சாமி பேருக்கே அர்ச்சனை செய்யச் சொல்லணும். இருபத்தேழு வீடும் அவரோடதுதானே, யாருக்குப் போகணும்னு அவருக்குத் தெரியும்.

குல்சும்: அவ்வளவுதானா!

பரிமளம்: அவ்வளவுதான். தேங்காய்க்குக் குடுமி இருக்கான்னு பாருங்க. வெத்தல, பழம், கற்பூரம். முருகனுக்குன்னா செவ்வரத்தம்பூ. அந்தம்மாகிட்ட போனக் குடுங்க, நானே சொல்றேன்.

குல்சும்: குடுக்க ஏலாது.

பரிமளம்: ஏன், போயிட்டாங்களா?

நர்ஸ்: பரிமளம் அம்மா, போன வைங்க. ட்ரொலி வந்துட்டுது, ஒப்பரேசன் தியேட்டருக்குப் போகணும்.

பரிமளம்: இந்தா வாறேன் மிஸ்... ராத்தா, அது... பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா...

குல்சும்: கிளினிக்குல கட்டில் ஏது?

பரிமளம்: ...பயந்துருவீங்கன்னுதான் சொல்லல ராத்தா.

குல்சும்: தோட்டக் கழட்டித் தரக்குள்ளயே ஒப்பரேசன்னு எனக்கு வெளங்கிட்டு. கமலமும் இல்ல, கடைக்கு ஒரு பொம்புளயும் வரல்ல. சுபஹ் தொழுகையில என்ட ரப்புட்ட ஒனக்காகக் கேட்டுட்டேன். உன்ட சாமிட்ட உன்ட மொறையிலதானே கேக்கணும்? அதான் நட்சத்திரம் இல்லாம முழிச்சிட்டிருந்தேன். நீ தைரியமாப் போ. நான் கோயில் வாசல்ல நிக்கிறேன், தட்ட ஐயர்ட கையில குடுத்துச் சொல்றேன்: பேரு பரிமளம், நட்சத்திரம் தெரியாது, சாமி பேருக்கே அர்ச்சனை.