எடுத்துக் கொடுத்த சொல்

இரவு பதினொன்றே முக்கால். ரெங்கம் என்கிற ஊரை விட்டு லாயாங் லாயாங் ஊருக்குப் போகிற ரோடு... இரண்டு பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டம். கடைசித் தெருவிளக்கு எப்போதோ பின்னால் போய்விட்டது. காருக்குள் ஒரே ஆள்.

அந்த ஆள் யுகேந்திரன். என் கூட்டாளி காளிதாசின் தங்கச்சி மாப்பிள்ளை. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியாளர். கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

கருமாதி வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தான். தனலெட்சுமி அக்காவின் கருமாதி. ஒரு உண்மையைச் சொல்லிவிடத்தான் போனான். சொல்லவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான்.

என்ன உண்மை என்றால்... அக்காவுக்கு மூளையில் கட்டி. இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டி. அந்த மாதிரிக் கட்டியை எடுக்கும்போது ஆளைக் கடைசிவரை தூங்க வைக்க மாட்டார்கள். மண்டை ஓட்டைத் திறந்துவிட்டு எழுப்புவார்கள். மூளைக்கு வலி தெரியாதாம். நடுவில் ஒரு துணித் திரை. அந்தப் பக்கம் டாக்டர் ஆப்ரின் என்கிற அம்மாவும் அவருடைய ஆட்களும். இந்தப் பக்கம் நோயாளியின் முகம். அதற்கு நேர் எதிரே யுகேந்திரன். அவன் ஒவ்வொரு படமாகக் காட்டுவான். "இது குடை", "இது சாவி" என்று நோயாளி சொல்ல வேண்டும். அதே நேரம் டாக்டர் மெல்லிய கம்பியால் மூளையில் ஒரு இடத்தைத் தொடுவார். தொட்டதும் சொல் நின்றால் அந்த இடத்தில் கத்தி படக்கூடாது. சொல் வந்தால் வெட்டலாம்.

படம் காட்டுகிறவனுக்கு ஒரே ஒரு சட்டம். நோயாளி தடுமாறினால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. தவியாய்த் தவித்தாலும் சும்மா இருக்க வேண்டும்.

அக்கா செனாயில் ஃபேக்டரி வாசலில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு விற்றவர். வாயைத் திறந்தால் மூட மாட்டார். தலை திறந்து கிடக்கும்போது கூட, "காலைல சாப்பிட்டியா தம்பி?" என்று அவனைக் கேட்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. சீப்புப் படம் வந்தது. "இது..." என்றார். நின்றார். கண்கள் மெல்ல அவனுடைய வாய்க்கு வந்தன.

மற்றவர்களுக்கெல்லாம் துணி முகக்கவசம். அவனுக்கு மட்டும் வாய் தெரிகிற மாதிரி பிளாஸ்டிக்.

அன்றைக்கென்று சிங்கப்பூரிலிருந்து டாக்டர்கள் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் தன் நோயாளி திணறுவது அவனுக்குக் கேவலமாகப் பட்டது. கழுத்து வேறு வலித்தது, சீக்கிரம் முடிந்தால் தேவலை என்றிருந்தது. உதட்டை இழுத்துக் காட்டினான். சீ... சத்தமே இல்லை.

"சீப்பு," என்றார் அக்கா.

"ஓகேவா யுகேன்?" திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் ஆப்ரின்.

"ஓகே டாக்டர்."

இரத்தத்தை உறிஞ்சுகிற குழாய் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது.

அதோடு போன பேச்சு அக்காவுக்குத் திரும்பவே இல்லை. வீக்கம் வடிந்தால் வரும் என்று டாக்டர் ஆப்ரின் நம்பினார். வரவில்லை. தன் கையில்தான் எங்கேயோ பிசகிவிட்டது என்று அந்த அம்மா தூக்கம் கெட்டுக் கிடந்தார். அதையும் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தான் நம்ம ஆள். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் அக்கா "இது..." என்று ஆரம்பிப்பார். அந்த ஒரு சொல்தான் மிச்சம். அப்புறம் அவன் வாயையே பார்ப்பார். அவன் கம்ப்யூட்டரைப் பார்ப்பான். பிறகு கட்டி மறுபடி வளர்ந்து, அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

கருமாதியில் அக்காவின் வீட்டுக்காரர் அர்ச்சுனன் அவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் முன்னால் உட்கார வைத்தார். "இந்தத் தம்பிதான் அவ கண்ணு முன்னால உக்காந்திருந்தவரு. இவர் இருக்காருன்னுதான் நான் தைரியமா கையெழுத்துப் போட்டேன்," என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். படையலில் வடை, பாயசம், ஒரு பொட்டலம் நாசி லெமாக். அதற்குப் பக்கத்தில் ஒரு புதுச் சீப்பு.

"அவ கடைசியா என்ன பேசினான்னு நீங்கதானே சொன்னீங்க? மொட்டத் தலையோட போனவ... தலை சீவணும்னு ஆசைப்பட்டிருக்கா பாவம்," என்றார் அர்ச்சுனன்.

யுகேந்திரனுக்கு அந்த இடத்திலேயே நாண்டுகொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. சாகவில்லை. வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள்.

முதலில் வந்தது வாடை. நகம் கருகினால் வருமே, அந்த வாடை. எலும்பைத் துளைக்கும்போது ஆபரேஷன் அறையில் வருவது. காருக்குள் எப்படி? ஜன்னலை இறக்கினான். வெளிக்காற்றில் இல்லை... உள்ளேதான்.

அப்புறம் பின்சீட்டு லேசாக அமுங்கியது. கிர்ர்... ஒரு ஆள் உட்காருகிற பாரம்.

"இது... பாலம்."

சின்னப் பாலம் ஒன்று காருக்கு அடியில் கடந்தது. அவன் கை ஸ்டியரிங்கில் இறுகிவிட்டது. கண்ணாடியைப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

"இது... லோரி."

எதிரே பனங்குலை ஏற்றிய லோரி போனது. அக்காவின் குரல்தான், சந்தேகமே இல்லை. சீராக, நிதானமாக, ஆபரேஷன் மேசையில் சொன்ன மாதிரியே. அப்புறம் செம்பனை விலகி வானம் தெரிந்தது.

"இது..."

நின்றது. பிடரியில் மூச்சு பட்டது. ஈரமான, குளிர்ந்த மூச்சு. காத்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா... மன்னிச்சிருங்கக்கா," என்றான்.

"இது..."

மன்னிப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. "இது... இது..." குரல் கெஞ்சியது, உடைந்தது, அழுகைக்குப் பக்கத்தில் வந்தது. யுகேந்திரனால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு மாதிரியே... சீக்கிரம் முடிந்தால் தேவலை.

"நி..." என்றான்.

"நிலா," என்றது பின்சீட்டு, திருப்தியாக.

ரோட்டோரம் ஒரு மாடு படுத்திருந்தது. அதற்கும் எடுத்துக் கொடுத்தான். குலாய் தாண்டும்போது முன்கண்ணாடியில் தொங்கிய மகள் ரூபினியின் படம் ஆடியது. "இது..." என்றது குரல். வாயைத் திறக்கப் போனவன் என்ன தோன்றியதோ, உதட்டைக் கடித்துக்கொண்டான். இரத்தம் உப்புக் கரிக்கும் வரைக்கும் கடித்தான். செனாய் சிக்னல் விளக்கு வந்தது. வாடை போய்விட்டது. பின்சீட்டில் யாரும் இல்லை.

அப்பாடா என்று தலையைத் தூக்கி மேலே பார்த்தான். வட்டமாக, வெள்ளையாக... அதற்கு என்ன பெயர்?

வரவில்லை. ரோட்டோரம் படுத்திருந்ததே, நாலு கால், கொம்பு... அதுவும் வரவில்லை.

வீட்டில் மனைவி மலர் கதவைத் திறந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சீப்பையும் சொன்னான். சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பு அலமாரியைப் பார்த்துப் பேசினான்.

"மேல... ராத்திரில... அந்த..." என்று திணறினான்.

"நி..." என்று மலர் ஆரம்பித்தாள். பட்டென்று அவள் வாயைப் பொத்திவிட்டான்.

"நீ சொல்லாத! யார் எடுத்துக் குடுத்தாலும் அவங்ககிட்ட இருந்து போயிரும்."

மலர் வெகுநேரம் அழுதாள். பிறகு சொன்னாள், "காலைல போய் டாக்டர்கிட்ட ஒத்துக்குங்க. தப்பு பண்ணிட்டேன்னு உங்க வாயால சொல்லுங்க. அந்தம்மாவாச்சும் தூங்கட்டும்... அக்காவும் விட்டுரும்."

போகிற வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டான். தப்பு பண்ணிட்டேன், தப்பு பண்ணிட்டேன்.

அதற்கப்புறம் நடந்தது, நர்ஸ் காதர் பீவி மலரிடம் சொன்னது. அவர் மட்டும் கதவுக்கு வெளியே நின்றாராம். அன்றைக்கும் இதே மாதிரி ஒரு ஆபரேஷன். தலை மழித்த ஒருவர் உள்ளே காத்திருக்கிறார். குழு முழுக்க ஸ்கேன் படத்தைச் சுற்றி நிற்கிறது. யுகேந்திரன் நடுவில் போய் நின்றான்.

"டாக்டர், தனலெட்சுமி அக்கா கேஸ்ல... நான்... ஒரு..."

சொல் வரவில்லை. வரவில்லையா, இவன் வர விடவில்லையா... அது அவனுக்கே தெரியாது. எல்லோரும் பார்க்கிறார்கள். காது மடல் சுடுகிறது. டாக்டர் ஆப்ரின் முகத்தில் இரக்கம்.

"அந்தக் கேஸ் உங்கள ரொம்பப் பாதிச்சிருச்சு லா யுகேன். என்ன வேணும் உங்களுக்கு? லீ..."

மனைவியின் வாயைப் பொத்திய கை அப்படியே தொங்கியது. தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை.

"லீவு," என்றான்.

நெஞ்சு லேசாகிவிட்டது. எவ்வளவு சுலபம்! வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"ஓகே, இன்னைக்கு இவர் வேணாம்," என்று டாக்டர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "யுகேனுக்கு ஒரு வாரம்..."

நின்றார்.

அந்த ஏர்கான் அறையில், நகம் கருகுகிற வாடை.

"ஒரு வாரம்..." டாக்டரின் கண்கள் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தன. யுகேந்திரன் தரையைப் பார்த்தான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் நல்லவர்கள், டாக்டர் மேல் பிரியமானவர்கள்... அத்தனை பேரின் உதடுகளும் ஒன்றாக இழுபட்டன.