குத்தாலிங்கம் வைத்த வெளிச்சம்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் பட்டப்பகலிலும் விளக்கேற்றித்தான் ஆகவேண்டும், ஐயா. தென்காசி போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிற உங்களுக்கு அதைச் சொல்லவேண்டியதில்லை.

பண்ணையார் முத்துக்குமாரசாமி தம் பங்களாவுக்குப் பின்னால் நீளமாக ஒரு கொட்டகை போட்டு, மழையிலும் துப்பாக்கியால் குறி சுட்டுப் பழகினார். அங்கே விளக்குப் பொறுப்பு எனக்கு. சுடுகிறவர் கண்ணுக்கு விளக்கு தெரியக்கூடாது. பலகை மட்டும் தெரியவேண்டும். பெட்ரோமாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் மறைப்புச் செய்து மாட்டினேன். சுண்ணாம்புச் சுவர் கூசுகிறதென்று கரியும் சாணியும் குழைத்து நானே பூசினேன். குத்தாலிங்கம் வைத்த வெளிச்சம் நிலா மாதிரி இருக்கிறதென்று விருந்துக்கு வந்த துரைமார்கூடச் சொன்னதுண்டு. எனக்கு வேறு பெருமை கிடையாது.

பலகைப் பக்கம் இசக்கியப்பனுக்கு வேலை. காகிதம் கிழிந்தால் மாற்றி ஒட்டுவான். அவன் அங்கே நிற்கும்வரை பலகைக்கு மேல் ஒரு சிவப்புத் துணி தொங்கும். துணியை எடுத்துக்கொண்டு மண்மூட்டைச் சுவருக்குப் பின்னால் அவன் போன பிறகுதான் சுடலாம். அதுதான் அங்கே சட்டம்.

நல்ல பையன். வாய்தான் கொஞ்சம் அதிகம். பண்ணையார் குறி தவறும்போதெல்லாம், "எசமான் கையில என்ன தப்பு? வெளக்குல்லா கண்ணக் கூசுது" என்பான். நாலு பேர் முன்னால் சொல்லுவான். பண்ணையாரும் அதையே பிடித்துக்கொண்டார்.

"ஏலே குத்தாலிங்கம், ஆவணி பொறந்ததும் நீ ஒன் ஊரு இலஞ்சிக்கே போயிரு. வெளக்குக்கு வேற ஆள் வருதான்" என்றார்.

மறைப்பைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன். அவர் நிற்கிற இடத்தில் நானே நின்று பார்த்தேன். ஒரு பொட்டுக் கூச்சம் கிடையாது.

அன்று கடையத்திலிருந்து அவருடைய மைத்துனர் வந்திருந்தார். பண்ணையார் வழக்கம்போல் விளக்கைக் குறை சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே, "அத்தான், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். பண்ணையார் முகம் செத்துப்போயிற்று. இனி அன்றைக்கு அவர் வாயிலிருந்து கூசுகிறது என்ற பேச்சு வராது என்று எனக்குத் தெரிந்தது.

இசக்கியப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு பசை தடவிக்கொண்டிருந்தான். சிவப்புத் துணி தொங்கியது. நான் துரட்டியால் நடு விளக்கின் மறைப்பை நெம்பிப் பண்ணையார் பக்கம் திறந்துவிட்டேன். வெளிச்சம் நேரே கண்ணில் விழுந்தால் அதற்குப் பின்னால் துணியும் தெரியாது, ஆளும் தெரியாது. அதைத் தடுப்பதுதானே இத்தனை நாளும் என் வேலை. அவர் கண்ணைக் கசக்கினார். ஒருதரம் மைத்துனரைப் பார்த்தார். பிறகு சுட்டார்.

கூச்சல் எழுந்தபோது மறைப்பைப் பழையபடி தள்ளிவைத்தேன். இசக்கியப்பனை மடியில் போட்டுத் தண்ணீர் கொடுத்ததும் நான்தான். அவன் குடிக்கவில்லை. அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை, ஐயா. மெய்யாகவே கூசினால் எப்படி இருக்கும் என்று அவர்கள் இரண்டு பேரும் ஒருமுறை அறியவேண்டும் என்று நினைத்தேன்.

பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் விளக்கு வைத்தவனுக்கு வேலை தெரியாததால் நேர்ந்த விபத்து என்று பண்ணையாரின் வக்கீல் சொல்லிவிட்டார். நீங்களும் அப்படியே எழுதி முடிக்கப் போகிறீர்களாம். நேற்று இசக்கியப்பன் பெண்டாட்டி வள்ளித்தாய் கைப்பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க மனசு ஒடஞ்சு போகாதிய. வேணும்னா செஞ்சிய? வெளக்கு வைக்கத் தெரியாம வச்சிட்டிய" என்று என்னைத் தேற்றிவிட்டு அழுதாள்.

பெற்ற தாய்கூட என்னை அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் வேண்டுமென்றேதான் செய்தேன். என் விளக்கில் ஒரு குறையும் இல்லை. வள்ளித்தாயிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள், அவளுக்கும் ஆறுதலாக இருக்கும்.