விறைப்புக் குளிசை

கஞ்சி காய்ச்சச் சிவப்புப் பச்சையரிசிதான் நல்லது, சேர். நன்றாகக் குழையும், விழுங்கக் கஷ்டமில்லை. என் வீட்டுக்காரர் லெட்சுமணனுக்கு ஒன்றரை வருஷமாகக் காலையில் அதைத்தான் கொடுத்தேன்.

அவர் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டினவர். கட்டுகஸ்தோட்டை வீட்டில் சேர்ந்தாற்போல மூன்று நாள் தங்கியதில்லை. தம்புள்ளையில் ஒருத்தி இருந்தாள். நான் கேட்டதுமில்லை, அவர் மறைத்ததுமில்லை. தெல்தோட்டை வளைவில் லொறி புரண்டு முதுகெலும்பு நசுங்கிய பிறகுதான் வீட்டோடு இருந்தார்.

கால் இரண்டும் விறைத்துத் தானாக உதறும். வலியில் கத்துவார். கண்டி கிளினிக்கில் பக்லோஃபென் என்ற வெள்ளைக் குளிசை கொடுத்தார்கள். தசையை இறுகச் சொல்லும் நரம்பை அது தணிக்குமாம். கூடினால் உடம்பு துவளும், மூச்சும் மந்தமாகும். திடீரென்று நிறுத்தினால் கடுங்காய்ச்சல், வலிப்பு, உயிரே போகலாம். பயிற்சி கொடுக்கும் நிலூஷா மிஸ் இதை இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் தலையாட்டினேன்.

குளிசை வேலை செய்தது. விபத்து நடந்து பத்தாம் மாதம் அவர் கிளினிக்கில் கம்பியைப் பிடித்து நின்றார். "இந்தக் கொஞ்ச விறைப்புதான் அவரைத் தாங்குது. அதையும் எடுத்தா நிக்க ஏலாது," என்றார் மிஸ். ஆட்டோவில் திரும்பும்போது வீட்டுக்காரர் முகமெல்லாம் சிரிப்பு. "ஜெயா, நடந்துட்டேன்னா மொதல்ல தம்புள்ளைக்குப் போகணும்."

"போயிட்டு வாங்க," என்றேன்.

மறுநாளிலிருந்து கஞ்சியில் குளிசையைக் கூடுதலாகப் பொடித்துப் போட்டேன். டாக்டர் எழுதின பழைய மருந்துத் துண்டைக் காட்டி வெவ்வேறு கடைகளில் வாங்கினேன். அது முழுசாகக் கரையாது. "என்னமோ நறநறங்குதே," என்பார். "அரிசியில கல்லு," என்பேன். அதன்பிறகு அவர் நிற்கவில்லை. கரண்டி பிடிக்கக்கூடக் கை எழவில்லை. நானே ஊட்டினேன், குளிப்பாட்டினேன், தலை சீவினேன். ஒருநாள் கண்ணில் தண்ணீர் வழிய, "என் ஒடம்பு எங்க போச்சு ஜெயா?" என்றார். "நான் இருக்கேன்ல," என்றேன். எங்கள் கல்யாணத்தில் நல்ல மாதங்கள் அவைதான்.

போன கிளினிக்கில் டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. வியாழக்கிழமை ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். எனக்குப் பயம். ரத்தத்தில் ஒன்றும் இருக்கக்கூடாதென்று திங்கட்கிழமையே எல்லாக் குளிசையையும் நிறுத்தினேன். மிஸ் சொன்னது மறக்கவில்லை, சேர். அவர் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. புதன்கிழமை வீட்டுக்காரருக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. அம்புலன்ஸ் கூப்பிட ஃபோனை எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

கொன்றது நான்தான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியில் அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார், விடவேயில்லை. வலிப்பில் எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள் என்கிறீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும், சேர்? பெண்டாட்டிக்குத் தெரியாதா, அது என்ன பிடி என்று?