சொன்ன நேரத்துக்கு வந்தார்கள்

பஸ்ஸில் காதை மூடிக்கொண்டு உட்கார எனக்கு வராது. சுங்குவார்சத்திரத்தில் ஏறிய இரண்டு தொழிற்சாலைக்காரர்கள் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மடியில் ஹெல்மெட் வைத்திருந்தவர் உள்ளூர்க்காரர். மற்றவன் இளைஞன், பேச்சில் திருநெல்வேலி.

"பைக்கு நின்னுட்டா சர்வீஸ்காரனுங்க ரோட்டுக்கே வந்து தூக்கினு போறானுங்களாமே, நம்பலாமா தம்பி?" என்றார் உள்ளூர்க்காரர்.

"நம்பலாம்ண்ணே. நம்ம ஷிப்டு செல்வத்துக்கு முக்கா மணி நேரத்துல வாறோம்னாவ. கரெக்டா வந்துட்டாவ. வண்டியில ஒரு கீறல் கூட விழல."

"அப்ப அவன் எப்பிடிப்பா செத்தான்?"

நான் ஜன்னலை விட்டுத் திரும்பினேன்.

"ஒரகடம் ரோட்டுல வண்டி நின்னுட்டு. நான் இருந்த நம்ம கம்பெனி பஸ்ஸு அந்தப் பக்கந்தான் வந்துச்சு. டிரைவர் நிறுத்துனாரு. ஏறுலேன்னேன். 'வண்டிகிட்ட ஆள் இல்லன்னா கேன்சல் பண்ணிருவாவளாம், நீ போலே'ன்னான்."

"நீயாச்சும் எறங்கி கூட நின்னுருக்கலாம்ல?"

"ஷிப்டு லேட்டாயிரும்னு வந்துட்டேன். வண்டிய மரத்தடியில விட்டுட்டு, வாறவங்களுக்கு அடையாளம் தெரியணும்னு ரோட்டோரத்துல வந்து நின்னுருக்கான். கண்டெய்னர் லாரி அடிச்சிட்டு."

பெரியவர் ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சர்வீஸ்காரங்ககிட்ட என் நம்பரையும் குடுத்திருக்கான்ண்ணே. மறுநாள் போன் பண்ணி, சர்வீஸ் திருப்தியா சார்னாவ."

"இன்னா சொன்ன?"

"திருப்தின்னேன். அவங்களும் நேரத்துக்கு வந்துட்டாவ, நானும் ஷிப்டுக்கு நேரத்துக்குப் போயிட்டேன். யாரக் குறை சொல்ல?"