இருபத்திரெண்டு நாள் மிதிச்ச பாத்தி

விஜயலட்சுமி: தள்ளு ஜான்சன். பஸ் கெளம்பறதுக்குள்ள அந்தம்மாகிட்ட நான் பேசணும்.

ஜான்சன்: அக்கா, அக்கா... ரூத் மேடத்துக்குத் தமிழே வராது. அமெரிக்காலருந்து பத்து நாள் ஊழியத்துக்கு வந்தவங்க. எங்கிட்ட சொல்லுங்க. நான்தான டீமுக்கு மொழிபெயர்ப்பு?

பூஜா: அம்மா சொல்றதை ஒரு வார்த்தை உடாம சொல்லுவீங்களாண்ணே?

ஜான்சன்: கர்த்தர் சாட்சியா சொல்றேன் பாப்பா. உங்கம்மா பேச்சு, என் வாயி. அவ்ளோதான்.

விஜயலட்சுமி: அப்ப கேளு. எங்க உப்புப் பாத்தியில யாரைக் கேட்டு பந்தல் போட்டீங்க?

ஜான்சன்: சமமா, சுத்தமா, சிமெண்ட் தரையாட்டம் இருந்துச்சுக்கா. சும்மா கெடக்குதேன்னுதான்...

விஜயலட்சுமி: சும்மா கெடக்குதா! வயித்தெரிச்சலைக் கொட்டிக்காத. உப்பு வெளையற தளம்டா அது! இருபத்திரெண்டு நாளு காலாலயே மிதிச்சு மிதிச்சு இறுக்கி வெச்சிருந்தேன். எங்க அக்கா வூட்டு சாவுக்கு பொம்மையார்பாளையம் போய்ட்டு மூணு நாள் கழிச்சு வந்து பார்த்தா... பதினெட்டு எடத்துல கடப்பாரை போட்டு குழி தோண்டியிருக்கீங்க!

பூஜா: அதும்மேல ஷூவோட டான்ஸ் வேற.

ஜான்சன்: டான்ஸ் இல்ல பாப்பா, ஆக்‌ஷன் சாங். சின்னப் பசங்களுக்கு...

விஜயலட்சுமி: இன்னா சாங்கா இருந்தா எனக்கு இன்னா? அந்தக் குழி வழியா அடிச்சேறு மேல வரும். உப்பு கறுப்பா வெளையும். எவன் தொடுவான்? பக்கத்துப் பாத்தி ஆண்டாளு காலை அந்தம்மா தட்டுல வெச்சு கழுவி உட்டாங்களாமே. பாத வெடிப்பைப் பார்த்து கண் கலங்கினாங்களாமே. அந்த வெடிப்பு எங்கருந்து வந்துச்சுன்னு நீ சொன்னியா?

ஜான்சன்: அன்புலதான்க்கா கழுவுனாங்க...

விஜயலட்சுமி: அன்பை வெச்சு குழியை அடைக்க முடியுமா? பாத்திக்கு சொந்தக்காரரு சடையப்பன் மொதலாளி காலையிலயே ஆள் அனுப்பிட்டாரு. ‘எவனைக் கேட்டு பந்தலுக்கு எடம் குடுத்த? இந்த சீசனுக்கு நீ வராத, வேற ஆளைப் போட்டுக்கிறேன்’னு. சோத்துக்கு நாங்க எங்கடா போவோம்?

ஜான்சன்: கத்தாதீங்கக்கா...

விஜயலட்சுமி: கத்துவேன்! அந்தம்மா மொதலாளி வூட்டுக்கு வரட்டும். ‘விஜயலட்சுமி ஊர்லயே இல்ல, நாங்களாதான் எறங்கினோம்’னு சொல்லட்டும். அது போதும் எனக்கு. போ, போய் சொல்லு.

ஜான்சன்: சரி, சரி... இங்கயே இருங்க.

விஜயலட்சுமி: ...இன்னாடா, அதுக்குள்ள வந்துட்ட?

ஜான்சன்: சொல்லிட்டேன்க்கா.

விஜயலட்சுமி: தொண்டை கிழிய நான் கத்துனது உனக்கு ரெண்டே வார்த்தையா?

ஜான்சன்: இங்கிலீஷ்ல சுருக்கமாதான்க்கா வரும்.

பூஜா: அவங்க ஏன்ணே அழுவுறாங்க?

ஜான்சன்: ரொம்ப வருத்தப்படறாங்க பாப்பா. மன்னிப்பு கேட்டாங்க. ஆனா ஃபிளைட்டுக்கு நேரமாச்சாம், மொதலாளி வூட்டுக்கெல்லாம் வரமுடியாதாம்...

விஜயலட்சுமி: அந்தம்மா வாயே தொறக்கலையேடா! என் மூஞ்சியைப் பார்த்து சொல்லு. இன்னா சொன்ன அவங்ககிட்ட?

ஜான்சன்: அக்கா... நாலு வருஷமா லெட்டர் போட்டு, கெஞ்சி கூட்டியாந்தேன். இதைச் சொன்னா அடுத்த வருஷம் வரமாட்டாங்க. ஊர்க்காரங்க ஆசையா எடம் குடுத்தாங்கன்னு மொத நாளே சொல்லி வெச்சுட்டேன். அதான் இப்ப... நீங்க நன்றி சொல்ல வந்திருக்கீங்கன்னு...

விஜயலட்சுமி: அடப்பாவி! நன்றியா? கர்த்தர் சாட்சியான்னியே! இரு... எடம் நான்தான் குடுத்தேன்னு மொதலாளிக்கு எவன் சொன்னது?

ஜான்சன்: பஸ் கெளம்பப்போவுதுக்கா, நான் ஏறணும்.

விஜயலட்சுமி: கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு!

ஜான்சன்: அவரு போன் பண்ணி கத்தினாருக்கா. பயத்துல... உங்க பேரு வாயில வந்துடுச்சு.

விஜயலட்சுமி: நாசமா போறவனே! என் சோத்துல மண்ணைப் போட்டுட்டு அக்கா அக்கான்னு கூப்புடுறியே, நாக்கு கூசல?

ஜான்சன்: மெதுவாக்கா, மேடம் பார்க்கறாங்க. நீங்க நன்றி சொன்னீங்கன்னு அப்படியே நெகிழ்ந்து போயிருக்காங்க, அதைக் கெடுத்துடாதீங்க...

பூஜா: நெகிழ்ந்தா? அண்ணே, இரும்பை ஊரு பக்கத்துல வெள்ளைக்காரங்க பேக்கரியில ரெண்டு வருஷமா நான்தான் கவுண்டர்ல நிக்கிறேன். அம்மா கத்துனதை பூரா காலையிலயே மேடம்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். கேக்காம எறங்கினது உங்க தப்பும்தான்னும் சொல்லிட்டேன். ‘ஜான்சன் எங்கிட்ட பொய் சொல்லமாட்டான், அவன் வாயால கேட்டுக்கிறேன், பொய்யின்னா மொதலாளி வூட்டுக்கு வர்றேன்’னாங்க. அதுக்குத்தான் அம்மாவைக் கூட்டியாந்தேன், நன்றின்னு நீங்க சொன்ன பொய்யைக் கேட்டுட்டாங்க, அதான் அழுவுறாங்க. மொதலாளி வூட்டுக்கு வர்றாங்க. மொழிபெயர்க்க நான் இருக்கேன், நீங்க பஸ்லயே உக்காருங்க.