நீலம் நீக்கிய காட்சி

இந்த டியூப்லைட்டில் உங்கள் முகம்கூட எடுபடவில்லை, ஐயா. தப்பாக நினைக்காதீர்கள். பதினைந்து வருடமாக வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன்; கண் அப்படிப் பழகிவிட்டது. பள்ளி ஆண்டுவிழா, கம்பெனி விழா என்று எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தால் எனக்கே குமட்டும். வியர்வை, மூக்குத் துளை, பல்லிடுக்கில் சிக்கிய சோறு, எல்லாம் பளிச்சென்று தெரியும்.

சினிமா மாதிரி தெரிய விலையுயர்ந்த கேமரா வேண்டும் என்பார்கள். பேத்தல். ஜன்னலிலிருந்து ஒரு பக்க வெளிச்சம், மங்கலான பின்னணி, அறையில் கொஞ்சம் புகை, ஃப்ரேம் முழுக்க ஒத்துப்போகிற நிறம். அவ்வளவுதான்.

என் குறும்படத்தில் நடித்தவர் என் மாமனார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வீசிங் உண்டு. கேட்டதும் சம்மதித்தார்.

"ஓட்டுன காலமெல்லாம் என் முதுகைத்தான் பாத்தாங்க மாப்ள. மூஞ்சியையும் பாக்கட்டும்" என்று சிரித்தார்.

அருமையான முகம். ஆனால் சளியைக் கைக்குட்டையில் துப்பி, விரித்துப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார். அந்த அருவருப்பில் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தேன்.

அறையைப் பழுப்பாக மாற்ற எனக்கு ஒரு மாதம் ஆனது. சுவர், நாற்காலி, போர்வை எல்லாம் பழுப்பு. மேஜையில் மட்டும் அவருடைய இன்ஹேலர், கண்ணைக் குத்துகிற நீலத்தில். எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புகை இயந்திரத்தைப் போட்டு, கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகினேன்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. 'கட்' சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, உள்ளே வரவும் கூடாது. மாமாவிடமும் என் மனைவியிடமும் காலையிலேயே சொல்லிவைத்திருந்தேன்.

மூன்றாவது நிமிடம் இருமல் வந்தது. கதையிலும் அவர் நோயாளிதான், அதனால் நிறுத்தவில்லை. கை மேஜையைத் துழாவியது.

"மாப்ள... அது எங்க?"

கதவுக்கு வெளியே என் மனைவியின் குரல் கேட்டது. "அப்பா ரொம்ப இருமுறாருங்க. உள்ள வரட்டுமா?"

"ஷாட் போயிட்டிருக்கு" என்றேன்.

அவள் வரவில்லை. அவளைக் குறை சொல்லாதீர்கள், சொன்ன பேச்சைக் கேட்கிறவள். அவரும் அப்படித்தான். கண்டக்டர் மணி அடிக்காமல் வண்டியை நகர்த்தாத மனிதர். நாற்காலிக் கையைப் பிடித்தபடி, கேமராவைப் பார்த்து, 'கட்'டுக்காகக் காத்திருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புகையில் வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. பதினைந்து வருடத்தில் அப்படி ஒரு ஷாட் எனக்கு அமைந்ததில்லை.

நீங்கள் பார்த்தது மெமரி கார்டில் இருந்தபடியே, நிறம் திருத்தாதது. உதடு நீலமாகத் தெரிகிறது என்கிறீர்கள். அதை வைத்து என்னை எடைபோடுவது நியாயமில்லை. அன்று மாலை, ஆஸ்பத்திரியிலிருந்து அவர் உடலைக் கொண்டுவருவதற்குள், உட்கார்ந்து அந்த நீலத்தை முழுவதும் எடுத்துவிட்டேன்.

ஆமாம், பதினோரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்ஹேலர் என் பையில்தான் இருந்தது. கொடுத்திருந்தால் மூச்சு திரும்பியிருக்கும், ஷாட் போயிருக்கும். தெரிந்துதான் கொடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். என் மனைவியிடம் திருத்திய பிரதியைக் காட்டுங்கள். அதில் அவள் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார்.