ஸ்ரீவத்ஸ் என்கிற ஆட்டக்காரன்

மத்தியானம் தூங்கினால் எனக்குத் தலை வலிக்கும். அதனால்தான் கணினியில் ஒரு விளையாட்டை ஆடப் பழகினேன். ஐம்பத்திரண்டு வயதுப் பெண் என்று தெரியவேண்டாமென்று ஸ்ரீவத்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டேன். இணையத்தில் கூட ஆடியவன் முதஸ்ஸிர், கோபாலபுரத்துக்காரன். திரையில் இருவரும் ஆடு மேய்த்தோம். அவன் மைக்கில் பேசுவான், நான் தட்டச்சு செய்வேன்.

"மச்சி, உன் ஆடு மறுபடியும் என் கீரைய தின்னுது. வளக்கற லட்சணமா இது?" என்பான்.

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுவது என் தொழில். வீடியோ கேம் ஆடுகிறவன் கொலைகாரனாவான் என்று மூன்று தொடர்களில் எழுதியிருக்கிறேன். ஒரு விவாத நிகழ்ச்சியில் அதையே நிபுணர்போலப் பேசியும் இருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் முதஸ்ஸிரின் மாமா நூர் முஹம்மது தன் கடையில் அடித்துக் கொல்லப்பட்டார். முதல் நாள் இருவருக்கும் சண்டை. முதஸ்ஸிரைப் பிடித்தார்கள். அந்த நேரம் முழுக்க ஸ்ரீவத்ஸோடு ஆடிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். கணினி ஓடியது நிரூபணமாயிற்று. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது அவன்தான் என்று சொல்ல, அவன் குரலைக் கேட்டவர் வேண்டும். நான் கேட்டேன். செய்தியைப் பார்த்ததும் என் கணக்கை அழித்தேன்.

வழக்கு நடக்கும்போதே அதைத் தொடராக எடுத்தார்கள். வசனம் நான்தான். அது ஆடு மேய்க்கிற விளையாட்டு என்று இயக்குநர் ஸ்ரீநாத்திடம் சொன்னேன்.

"ஆட்டக் காட்டினா எவன் பாப்பான் நீரஜா மேடம்? துப்பாக்கி வைங்க."

வைத்தேன்.

முதஸ்ஸிரின் அம்மா ஜஹனாரா என்னைத் தேடிக் கோடம்பாக்கம் வந்தார். "எம்புள்ள பொய் சொல்லமாட்டான் மேடம். அந்த ஸ்ரீவத்ஸ் தம்பி எங்கியோ கீது. டிவில சொன்னா வந்துடும்ல?"

தண்ணீர் கொடுத்தேன். பார்க்கிறேன் என்றேன்.

அந்த வாரம், கதாநாயகனோடு விளையாடும் நண்பன் அவனுடைய மனக்கற்பனை மட்டுமே என்று எழுதினேன். புத்தி பேதலித்தவன் என்றால் தண்டனை குறையும் என்று நினைத்தேன். அரசு வக்கீலும் நீதிமன்றத்தில் ஏறக்குறைய அதையே சொன்னாராம், ஸ்ரீவத்ஸ் என்று யாருமே இல்லை என்று. முதஸ்ஸிருக்கு ஆயுள் தண்டனை.

யாருக்கும் பயந்து நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. டிவியில் அப்படிப் பேசியவள் வீட்டில் ஆடு மேய்த்தாளா என்று நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் கூசியது. இப்போது வேறொன்றுக்குக் கூசுகிறது. அது வெளியே தெரிவதில்லை, அதனால் தாங்க முடிகிறது.

தொடரின் கடைசி வாரத்தில் கதாநாயகனை நிரபராதி என்று விடுதலை செய்துவிட்டேன். ஸ்ரீநாத் சம்மதிக்கவில்லை, இரண்டு நாள் சண்டை போட்டேன். முதஸ்ஸிருக்காக நான் எதுவுமே செய்யவில்லை என்று யாரும் சொல்லமுடியாது.